பிரணவ் பேர் சொல்கிறான்

"எ... எ... என்டெ பேரு பி... பி... பி... பிரணவ்."

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், காய்ந்த துணிகளை மார்போடு அணைத்தபடி பத்மஜா நின்றுவிட்டாள். நாலாம் வகுப்புப் படிக்கும் அவள் பிள்ளைக்கு நாக்கில் ஒரு குறையும் கிடையாது. வீட்டுத் தமிழும் பள்ளிக்கூட மலையாளமும் மடை திறந்த மாதிரி கொட்டும்.

திக்குவது, அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ஷிஜு.

முழங்கையால் கதவைத் தள்ளினாள். கண்ணாடி முன்னால் நின்றிருந்த பிரணவ், கோணிய வாயைச் சரிசெய்ய மறந்து திரும்பினான்.

"என்னடா பண்ணிண்டிருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஷிஜு மாதிரி பேசிக் காட்டறயா?"

"இல்ல... ஆமா. நீ போம்மா, ப்ளீஸ். இது சீக்ரெட்." அவன் காது மடல் சிவந்துவிட்டது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, பேர் சொல்ல எழுந்த ஷிஜு சொல்லி முடிப்பதற்குள் மணியே அடித்துவிட்டது, வகுப்பே சிரித்தது என்று இவன் வந்து சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. மாவைக் கரைத்துக்கொண்டே தானும் சிரித்தது அதைவிட நன்றாக ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் அவளும் இதில் கெட்டிக்காரிதான். காலைச் சாய்த்து நடக்கும் ராஜஸ்ரீயைப் போலவே பள்ளி வராந்தாவில் நடந்து காட்டுவாள், தோழிகள் கைதட்டுவார்கள். ஒரு நாள் நடந்து முடித்துத் திரும்பியபோது தூணருகில் ராஜஸ்ரீயே நின்றிருந்தாள். அவள் அழக்கூட இல்லை. அந்த முகத்தைப் பற்றிப் பத்மஜா இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தன்னிடம் இருந்தது பிள்ளைக்கும் இறங்கிவிட்டதா? கண்ணாடி முன்னால் அவனைப் பார்த்ததிலிருந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள்.

புதன்கிழமை குளியலறையில் கேட்டது. வியாழக்கிழமை மொட்டை மாடியில் கேட்டது. ஒவ்வொரு தடவையும் நடுவில் நிறுத்தி, "சே, சரியா வரலை" என்று அலுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு இதில் பாதி சிரத்தை காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

வெள்ளிக்கிழமை, கழக்கூட்டத்தில் இருக்கும் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"பசங்கன்னா அப்படித்தான், பத்மா. நீ வேற இதுக்குப் போய் டென்ஷன் ஆயிண்டு..." என்றான் ஜெயந்த்.

ராஜஸ்ரீ மாதிரி அவள் நடந்து காட்டியபோது, அப்படித்தான் என்று அவளுடைய அம்மாவும்தான் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் பிரணவ் செருப்பை மாட்டிக்கொண்டான். "ஷிஜு ஆத்துக்குப் போயிட்டு வரேன். மேத்ஸ் பண்ணணும்."

கையில் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. பத்மஜா குடையை எடுத்துக்கொண்டு, இருபதடி விட்டுப் பின்னால் நடந்தாள். பெற்ற பிள்ளையை வேவு பார்க்கிறோமே என்று கூசியது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, மணக்காட்டுச் சந்தொன்றில் அவன் நுழைந்தான். ஷிஜுவின் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடும் நேரம். வாசலில் பிரணவின் செருப்போடு சேர்த்து எட்டு ஜோடிச் சின்னச் செருப்புகள் கிடந்தன.

எட்டு பேரா?

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல், "எ... எ... என்டெ பேரு..." என்று இழுத்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின் இன்னொன்று. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே சிரிப்பு.

அந்தப் பையனின் வீட்டுக்கே வந்து, கூட்டம் சேர்ந்துகொண்டு, அவன் கண்ணெதிரிலேயே! பத்மஜா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"பிரணவ்! போறும். அவன்கிட்ட மன்னிப்பு கேளு. இப்பவே கேளு!"

சிரிப்பு நின்றது. தரையில் வரிசையாகப் பையன்கள். எதிரே ஸ்டூலில், கையில் மர ஸ்கேலோடு ஷிஜு. அவன் முகத்தில் பத்மஜா ராஜஸ்ரீயைத் தேடினாள். அங்கே இருந்தது, பாடத்தின் நடுவில் குறுக்கே வந்தவரைப் பார்க்கும் வாத்தியாரின் எரிச்சல்தான்.

"எதுக்கும்மா மன்னிப்பு?" பிரணவுக்கு அழுகை முட்டியது. "திங்கட்கிழமை புது கிளாஸ் டீச்சர் வரா. எல்லாரும் எழுந்து பேர் சொல்லணும். எல்லாருமே இவனை மாதிரி சொன்னா, அப்பறம் யாரு யாரைப் பாத்து சிரிக்கறது?"

பத்மஜா குனிந்து, காலில் கிடந்த செருப்பை மெல்லக் கழற்றினாள்.

"இது... இது யாரோட ஐடியா?"

முன்பல் விழுந்த ஒரு பையன் பிரணவைப் பார்த்து விரலை நீட்டினான். ஷிஜு ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்துவார்களே, அதேபோல் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"இவனுக்க ஐ... ஐடியாதான் ஆன்ட்டி. ஆனா இவன் ஒருத்தன்தான் இன்னும் பா... பாஸ் ஆகல."