ஒரு நாளைக்கு ஒரு தப்பு

அவள் மூன்றாவது கணக்கைத் தப்பாகப் போட்டாள்.

வேண்டுமென்றேதான்.

702-இலிருந்து 348 போனால் 354. அவள் 454 என்று எழுதினாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து இடத்துக்குக் கடன் கொடுத்ததை மறந்துவிட்டு வழுக்கி விழுகிற இடம் அது. தானும் அங்கேயே வழுக்கி விழுந்தவள்போல எழுதிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு நான்காவது கணக்கையும் போட்டு முடித்தாள்.

திரும்பினாள்.

இந்நேரம் வகுப்பு கூரையைப் பிய்த்திருக்க வேண்டும். "டீச்சர், தப்பு!" என்று முதலில் கத்துகிற பிள்ளைக்குக் கலர் சாக்பீஸ். அந்தப் பிள்ளை ஓடிவந்து சரியாக எழுதும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதோடு ஆட்டம் முடிந்தது.

ஒரு நாளைக்கு ஒரு தப்பு. ஒன்றே ஒன்று. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் கணக்கு நடத்துகிற விதம் இது. தூங்கி வழிகிற பிள்ளைகூட டீச்சரை மாட்டிவிடலாம் என்றால் கண்ணைத் திறந்துவிடும்.

இன்று ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருமல்கூட இல்லை.

கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, வட்டாரக் கல்வி அலுவலர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் ஒரு பெற்றோர் கொடுத்த புகார். தலையில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த டீச்சர் கணக்கைத் தப்புத் தப்பாகப் போடுகிறார் என்று.

அவள் பாடம் நடத்தத் தகுதியானவள்தானா என்று அவர் நேரில் பார்த்து எழுத வேண்டும். இல்லை என்று எழுதினால் இந்த வகுப்புக்குள் அவள் மறுபடி நுழைய முடியாது.

புகாரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏதோ ஒரு வாண்டு வீட்டில் போய்ப் பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறது. முழுக் கதையையும் அலுவலர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் அவர் முன்னால் ஆட்டத்தைத் தொடங்கினாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தலைமையாசிரியை சகாயமேரி காலையிலேயே வகுப்புக்கு வந்து, "ஆபீசர் போறவரைக்கும் ஒரு சத்தம் வந்துச்சு, தொலைச்சுப்புடுவேன்" என்று பிள்ளைகளை உருட்டி மிரட்டிவிட்டுப் போயிருந்தார். தோழிக்கு உதவி செய்கிறாராம்.

அலுவலர் கரும்பலகையைப் பார்த்தார்.

அவளைப் பார்த்தார்.

மறுபடியும் பலகையைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார்.

தானே போய் அழித்துத் திருத்தினால் தடுமாறுகிறாள் என்று எழுதுவார். வேண்டுமென்றே போட்டேன் சார் என்றால் சமாளிக்கிறாள் என்று எழுதுவார். கை தானாகக் காதுக்கு மேலே போயிற்று. அங்கே தழும்பின்மேல் முடி இன்னும் சரியாக வளரவில்லை. சட்டென்று கையை இறக்கினாள். அதையும் அவர் பார்த்துவிட்டார்.

சொல்லுங்களேன். யாராவது சொல்லித் தொலையுங்களேன்.

இரண்டாவது வரிசையில் தர்ஷிகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை பாதி உயர்ந்தது. கீழே போனது. கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். சகாயமேரி இல்லை.

"டீச்சர், தப்பு!"

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளையை அப்படியே வாரிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கலர் சாக்பீஸை எடுத்து நீட்டினாள். அலுவலர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தர்ஷிகா ஓடிவந்தாள். மூன்றாவது கணக்கைத் தாண்டிப் போனாள். முதல் கணக்கின் எதிரே நின்றாள்.

468-உடன் 275. விடை 733 என்று இருந்தது.

"எட்டும் அஞ்சும் பதிமூணு. மூணைப் போட்டுட்டு, கையில இருந்த ஒண்ணை டீச்சர் கூட்டலை." அழித்துவிட்டு 743 என்று ரோஸ் நிறத்தில் எழுதினாள்.

அது டீச்சர் வேண்டுமென்றே வைத்த தப்பு இல்லை.

அவள் மறுபடி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பிள்ளை சொன்னதுதான் சரி.

பின்னாலிருந்து அலுவலர் கேட்டார். "மூணாவதும் தப்பா இருக்கே, பாப்பா?"

"தெரியும் சார். ஆனா ஒண்ணுதான் சொல்லணும், அதோட கேம் முடிஞ்சிரும். மத்ததெல்லாம் நாங்களே நோட்டுல சரியா எழுதிக்குவோம். ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து டெய்லி மூணு நாலு இருக்கும் சார்."

ஆமாம் சார், ஆமாம் சார் என்று வகுப்பே தலையாட்டியது. சிலர் பெருமையாக நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம் டீச்சர். நாலாங் கிளாஸ் பிள்ளைங்களை இவ்வளவு உஷாரா வெச்சிருக்கீங்க. இதைப் போய் யாரோ புகார்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

ஃபைலை விரித்துக் குனிந்து எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சார் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். கைதட்டலில் அது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டுக்கும் பயமாக இருந்தது.

பலகையில் இரண்டாவது கணக்கும் நான்காவது கணக்கும் இன்னும் சரிபார்க்கப்படாமல் பாக்கி இருந்தன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.