கையுறை காட்டும் இடம்

கொல்லையில் கவிழ்த்த வாளியின் மேல் வெண்டல் உட்கார்ந்திருக்கிறார். பேஸ்பாலில் அடிப்பவருக்குப் பின்னால் குந்தி, வீசும் பந்தைப் பிடிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர்; இனி குந்த முழங்கால்கள் இடம் கொடுக்காது. நாளை கல்லூரி அணித் தேர்வுக்குப் போகும் மகள் கோரா பந்து வீசுகிறாள். வீச வேண்டிய எல்லைக்குச் சற்று வெளியே வரும் பந்தைப் பிடித்ததும் அவர் கையுறை தானாக உள்ளே நகர்ந்து, அதை நல்ல பந்தாகக் காட்டுகிறது. நடுவர்களை அப்படி ஏமாற்றித்தான் பேர் வாங்கினார்.

“அப்பா, திருடாதீங்க! இங்க எந்த நடுவர் இருக்காரு?”

“பழக்கம்டா கண்ணு.”

“நாளைக்கு உங்க கை அங்க வராதே. பந்து நிஜமா எங்க விழுதுன்னு எனக்குத் தெரியணும்.”

அடுத்த பந்து மாலை வெயிலில் மின்னி விலகி வருகிறது. பிடிக்கிறார். மணிக்கட்டு உள்ளே நகரத் துடிக்கிறது. கையுறையைப் பிடித்த இடத்திலேயே நிறுத்துகிறார். கோரா நடந்து வந்து பார்க்கிறாள்.

“இவ்வளவு தூரமா விலகுது?”

“ஆமாடா” என்கிறார், நீட்டியபடியே வலிக்கும் கையை இறக்காமல்.