சொன்ன நேரத்துக்குள்

கொதிகலனை ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் மூன்று பேர் பிழைப்பு நடத்தினார்கள். சூட்டை அளந்து சொல்லும் சிப், "எவ்வளவு சூடு?" என்று கம்பி வழியாக அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் டிரைவர் நிரல், அந்த நிரலை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தரும் பரிசோதகர்.

சிப்புக்கு அளக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பொறு என்று அர்த்தம். நிரலும் பொறுக்கும்.

அன்று நிரல் தன்னில் ஒரு வரியை மாற்றிக்கொண்டு வந்தது. "இனிமே பாதி நேரம்தான் காத்திருப்பேன்."

பரிசோதகர் சிப்பைப் பார்த்தார். "உனக்கு அது போதுமாப்பா?"

போதாது. சிப்புக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் நான் மந்தம் என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது?

"தாராளமா போதும் சார்."

"எங்கே, காட்டு."

நிரல் கேட்டது. சிப் அளக்கத் தொடங்கியது. முடிவதற்குள் கெடு நெருங்கிவிட்டது. பதற்றத்தில், முன்பு அளந்து வைத்திருந்த எண்ணையே தூக்கிக் கொடுத்தது. "அறுபது."

நிரல் மறுபடி கேட்டது. "அறுபது."

"ஒரு தடவைகூடத் தாமதமில்லை," என்று பரிசோதகர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அறுபதுதானே என்று வெளியே யாரும் நெருப்பைக் குறைக்கவில்லை; அது ஏறிக்கொண்டே போனது. பெட்டி தகித்தது. சிப்பின் கால்களைப் பற்றவைத்திருந்த ஈயம் மெல்ல இளகத் தொடங்கியது.

"எவ்வளவு சூடு?" என்றது நிரல்.

"அறுபது," என்றது சிப், சொன்ன நேரத்துக்குள்.