அமெரிக்க ஓட்டுக்குப் பூக்கட்டு

அமெரிக்காவில் பாலகணேஷுக்கு இதுதான் முதல் ஓட்டு. ராஜபாளையத்திலிருந்து அப்பா சமுத்திரம் போனிலேயே பிரசாரம் செய்தார்.

"ஏலே, குடும்பம் குட்டியோட தினம் சாமி கும்புடுதவனுக்குப் போடு."

"எதிர்த்து நிக்குத அந்தம்மா ஜெயிச்சாத்தாம்ப்பா பெத்தவங்களுக்குச் சீக்கிரம் விசா கிடைக்கும். அம்மா வந்து பேத்தியைப் பாக்கணும்லா?"

"அப்பம் பூக்கட்டிப் பாப்போம், சாமியே சொல்லட்டும். சிவப்புப் பூ வந்தா அவன், வெள்ளை வந்தா அந்தம்மா."

சமுத்திரமே பூக்களைப் பொட்டலமாக மடித்தார். பொட்டலக் கூடையைக் கோயிலுக்குச் சுமந்து வந்தவள் மனைவி மகாலட்சுமி. சாமி காலடியில் வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

"சாமி வாக்கு, மீறிராதலே!" என்று மகாலட்சுமி மகனுக்குப் போனிலேயே உத்தரவு போட்டாள்.

இரண்டு பொட்டலத்திலும் சமுத்திரம் சிவப்பு ரோஜாவைத்தான் மடித்திருந்தார். அதை வெளியே சொல்ல முடியுமா?

முன்னால் நடந்த மகாலட்சுமியின் கொண்டையில் இரண்டு சிவப்பு ரோஜாக்கள் இருந்தன.