ஏழாவது போத்தல்

ஊதிவிட்டாள்.

வாய் தானாகக் குவிந்தது. மூச்சு தானாகப் போனது.

இடுக்கி முனையில் எண்ணெய் தரும் செம்பனை விதையின் கரு. அரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரிது, பால் வெள்ளை. அதன்மேல் ஓட்டுத் தூசி ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடியில் ஆவி படிகிறதென்று முகமூடியை ஒரு நிமிஷம்தான் தாடைக்கு இறக்கியிருந்தாள்.

முப்பது வருஷம் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள். எடுப்பாள், மண்ணை ஊதுவாள், சாக்கில் போடுவாள். அந்த வாய்க்குக் காடு எது, ஆய்வுக்கூடம் எது, தெரியவா போகிறது?

மூச்சுக் காற்று பட்டால் கரு அழுகும். யாரும் பார்க்கவில்லை.

கருவைப் போத்தலின் வளர்ப்புக் கூழில் வைத்தாள். மூடினாள்.

ஏழாவது போத்தல்.

மொத்தம் இருபது. இருபது விதையை உடைத்து, இருபது கருவை நோகாமல் எடுத்து, இருபது போத்தலில் வைக்க வேண்டும். அழுகாமல் முளைத்தால் இந்த நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி பனைக்கு அடியில், குனிந்து.

முதுகு இனிமேல் குனியாது. அது அவளுக்கும் முதுகுக்கும் மட்டும்தான் தெரியும்.

மூடிய போத்தலில் தேதியும் பெயரும் எழுதி ஒட்டுவது இங்கே வழக்கம். நாற்பத்தெட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. ஒரு பெயர் எழுதி முடிக்க நெற்றி வியர்த்துவிடும்.

தேதி எழுதினாள். பெயர் எழுதினாள்.

பேனா நின்றது.

கைநாட்டு என்றால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இது அவள் பெயர்.

அதற்குக் கீழே எழுதினாள்: ஊதிவிட்டேன்.

மூன்று வாரம் வளர்ப்பு அறையைத் தாண்டும்போதெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தாள்.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் டாக்டர் ரொஹானா போத்தல் தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பது போத்தலில் வெள்ளை வேர். சிலதில் ஊசிமுனைப் பச்சை.

ஒன்றில் கறுப்புப் பூஞ்சை, பூனை வால் மாதிரி மொசுமொசுவென்று.

டாக்டருக்குத் தமிழ் வாசிக்க வராது. அடுத்த மேசையில் கரு எடுக்கும் லோகேஸ்வரியைக் கூப்பிட்டார். லோகேஸ்வரி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மலாயில் சொன்னாள்.



டாக்டர் திட்டவில்லை. மற்ற பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தேதி, பெயர். தேதி, பெயர். எதிலும் மூன்றாவது வரி இல்லை.

கறுத்ததை ஒதுக்கினார். பிறகு அலமாரியைத் திறந்து புது விதை ஒரு தட்டு எடுத்தார். நேராக வந்து அவள் நாற்காலிக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

ஏழாவது போத்தலை, கெட்டதை அவித்துக் கொட்டும் அறைக்கு அவளே எடுத்துப் போனாள். வழியில் ஒருதரம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

செத்துப்போன ஒன்றுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

சொன்னாள்.

திரும்பி வந்தபோது தேநீர் நேரம். வெளி நடையில் லோகேஸ்வரி ஆவி பறக்கும் கோப்பையை நீட்டினாள்.

“ஊதிக் குடிங்கக்கா. இங்க ஊதலாம்.”

அவள் வாயைக் குவித்தாள்.

மூச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.