கடல் டப்பா

வகுப்பறை பீரோவுக்குப் பின்னால் இரண்டு தகர டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் அலை வரைந்திருக்கிறது, மற்றொன்றில் மலை. அடுத்த மாதச் சுற்றுலா எங்கே என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு சாக்பீஸ்தான் ஓட்டு. எண்ணுவது நாளைக் காலையில். கடைசி பெஞ்சுக்காரி எழுந்ததும், "டீச்சர், இவ நாளைக்கு ஊரைவிட்டே போறா. இவளுக்கு எதுக்கு ஓட்டு?" என்கிறான் வகுப்புத் தலைவன். "இன்னிக்கு இங்கதானேடா இருக்கா. அவளையும் கேக்கணும்ல?" என்கிறார் ஆசிரியை. வீட்டில் அவளை யாரும் கேட்கவில்லை. காலையில் அவள் கிளம்பும்போதே அப்பா கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போது பீரோவின் நிழலில் தனியாக நிற்கிறாள். உள்ளங்கை வியர்வையில் சாக்பீஸ் நனைந்துவிட்டது. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. "தூங்கிட்டியாடி?" என்று தோழி குரல் கொடுக்க, வகுப்பே சிரிக்கிறது. அலை டப்பாவில் சாக்பீஸைப் போடுகிறாள். டப்பாவைத் தூக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் மெல்லத் தூக்கி, காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே கலகலவென்று உருளும் சத்தத்தில் வகுப்பின் சிரிப்பு அடங்குகிறது. ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை குலுக்குகிறாள்.