முப்பத்தொன்றாவது பெயர்

"ஓடுற குதிரையை விட்டுட்டு நொண்டிக் குதிரையைக் கேட்கிறீங்களே மேடம், ஏன்?"

கேட்டது நான்தான். ஆஸ்பத்திரியின் தணிக்கைக்காரன். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலை பிளாக்செயினில், அதாவது பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து காவல் காக்கும் பதிவேட்டில், ஏற்றப்போகிறோம். கைவசம் இரண்டு நெட்வொர்க். ஒன்று நொடிக்கு ஐயாயிரம் பதிவு போடும். ஐந்தே கம்ப்யூட்டர், எல்லாம் எங்கள் கட்டடத்திலேயே. இன்னொன்று நொடிக்கு வெறும் பதினைந்து. நாற்பது ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இருநூறு கம்ப்யூட்டர்கள் சரிபார்க்கும், பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டால்தான் பதிவு ஏறும்.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவி இரண்டாவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஒரு நாளைக்கு இருபது பேர் சேர்ந்தாலே அதிகம். நொடிக்கு ஐயாயிரம் எதுக்கு சார்?"

"நாளைக்கு நாடு முழுக்க விரிஞ்சா?"

"அப்பவும் பதினஞ்சு தாராளம்."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது.

தலைமை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வேகமானதையே வாங்கிடலாம்."

"ஐயோ, வேண்டாம் டாக்டர்!" மேடத்தின் குரல் உடைந்தது.

ஒரு கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு இவ்வளவு பதற்றமா? எனக்கு மூக்கு வேர்க்காமல் இருக்குமா! அதற்காகவே கொண்டுவந்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"பட்டியல்ல முப்பத்தொண்ணாவது பேர். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

மேடம் தாளைப் பார்க்கவே இல்லை.

"என் கூடப்பிறந்த தம்பி. ஆறு மாசம்தான் கெடு சொல்லியிருக்காங்க."

"பூனைக்குட்டி வெளியே வந்துடுச்சு, பார்த்தீங்களா டாக்டர்! தம்பியை மேலே ஏத்தத்தான் இத்தனை பிடிவாதம்."

"ஏத்தணும்னா, நீங்க சொல்றதைத்தான் சார் நான் வாங்கணும். அந்த அஞ்சுல மூணு ஒத்துக்கிட்டாப் போதும், வரிசையையே மாத்திடலாம். மூணோட சாவியும் என் கையிலதான் இருக்கும்."

"அப்போ அதையே வாங்கிட வேண்டியதுதானே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தினம் காலையில போன் பண்ணி, 'அக்கா, நம்பர் நகர்ந்துச்சா?'ன்னு கேட்கிறான் சார். எத்தனை நாளைக்கு என் கை சும்மா இருக்கும்? அது நீளறதுக்குள்ள, என்னாலயும் தொட முடியாதபடி பூட்டிடுங்க."